பாட்டி குளிக்கிறாரா, பாட்டி கல்யாணத்துக்குப் போகிறாரா: முதியோரின் இயலாமையை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியோர் உள்ள வீடுகளுக்குக் கணக்கெடுக்கப் போகும் மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் சில வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு குழுவும் அதே சந்தேகங்களோடுதான் வருகிறது. வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் போனில் அதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

வயசானா முடியாமத்தானே போகும்? இதை எதுக்குப் போய் அளக்கணும்?

ஆஸ்பத்திரி ஃபைலில் சர்க்கரை, பிரஷர், மூட்டுத் தேய்மானம் என்று நோயின் பெயர்தான் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு அம்மாக்கள். எக்ஸ்ரேயில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு தேய்மானம். ஒருவர் தானே ரேஷன் கடைக்குப் போய் வருகிறார். இன்னொருவர் வாசற்படியைத் தாண்டி ஆறு மாதம் ஆகிறது. ஃபைலைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்விப் பட்டியல்கள் எல்லாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு (16.5) அடுத்தபடி நாம்தான். இவர்களில் எத்தனை பேருக்குக் குளிப்பாட்ட ஓர் ஆள் வேண்டும், எத்தனை பேருக்குக் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துக் கொடுத்தாலே போதும் என்பது தெரியாமல் எந்தத் திட்டமும் போட முடியாது.

இயலாமைன்னு எழுதலாமா? மாற்றுத்திறன்னுதானே சொல்லணும்?

ஒருவரைக் குறிப்பிடும்போது மாற்றுத்திறனாளி என்றே சொல்லுங்கள். நாம் இங்கே ஆளுக்கு முத்திரை குத்தவில்லை. ஒரு குறிப்பிட்ட வேலையை, அவர் இருக்கும் இடத்தில் செய்ய எவ்வளவு சிரமப்படுகிறார் என்று பார்க்கிறோம். அந்த அர்த்தத்தில்தான் இயலாமை என்று எழுதுகிறேன்.

கேட்கப் போன இடத்தில் இரண்டு சொல்லும் வேண்டாம். "உங்களுக்கு ஏதாவது ஊனம் உண்டா பாட்டி?" என்று கேட்டால், "எனக்கென்ன ஊனம், வயசுதான்" என்பார். இயலாமை பற்றிய புள்ளிவிவரங்களுக்கான சர்வதேசக் குழுவான வாஷிங்டன் குழுவின், உலகளவில் பயன்படும் ஆறு கேள்விகளில் (பார்ப்பது, கேட்பது, நடப்பது, ஞாபகம், தன்னைப் பார்த்துக்கொள்வது, பேசிப் புரியவைப்பது) அந்தச் சொல்லே கிடையாது. "சிரமம் உண்டா" என்று மட்டும்தான் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நேரடியாகக் கேட்டது. எல்லா வயதிலும் சேர்த்து 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 சதவீதம் என்று வந்தது. 2017-18இல் எடுத்த லாசி ஆய்வு (45 வயதைத் தாண்டிய சுமார் 72,000 பேரிடம் எடுத்த இந்திய முதுமை ஆய்வு) ஒவ்வொரு வேலையாகக் கேட்டது. 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குளிப்பது, உடுத்துவது போன்ற அடிப்படை வேலைகளில் ஒன்றிலாவது சிரமம் இருந்தது. வயது வேறு, கேள்வி வேறு என்பதால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஆனால் கேட்கிற விதம் எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

உடல், செயல், பங்கேற்புன்னு மூணா பிரிக்கிறாங்களே, மூணும் ஒண்ணுதானே அக்கா?

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட ஐசிஎஃப் (செயல்பாடு, இயலாமை பற்றிய சர்வதேச வகைப்பாடு) என்பதில் வரும் பிரிவு இது. முட்டி மடங்கவில்லை என்பது உடல். படி ஏற முடியவில்லை என்பது செயல். மண்டபம் மாடியில் இருப்பதால் பேத்தியின் காதுகுத்துக்குப் போகவில்லை என்பது பங்கேற்பு. அந்த மண்டபத்தில் லிஃப்ட் இருந்தால்? முட்டி அதே முட்டிதான், காதுகுத்துக்குப் போய்விடுவார். அதனால்தான் அந்த வகைப்பாட்டில் சுற்றுப்புறத்துக்கும் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஏடிஎல், ஐஏடிஎல் இரண்டும் எப்படி வேறுபடும்?

ஏடிஎல் என்பது உடம்பைப் பார்த்துக்கொள்ளும் அன்றாட வேலைகள். அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் உள்ளிட்ட முதியோரைக் கவனித்து 1963இல் வெளியிட்ட பட்டியலில் ஆறு இருந்தன: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது. பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசி வரை நிற்பது சாப்பாடு என்று அவர் கவனித்தார். வீட்டில் பார்த்திருப்பீர்கள்: குளிக்க ஆள் தேவைப்படுகிற பாட்டி, இட்லியைத் தானே பிட்டுச் சாப்பிடுவார்.

ஐஏடிஎல் என்பது குடும்பம் நடத்தத் தேவைப்படும் வேலைகள். 1969இல் லாட்டனும் பிராடியும் கொடுத்த பட்டியலில் போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மாத்திரையைச் சரியாகப் போடுவது, பணத்தைக் கவனிப்பது என எட்டு. இவற்றுக்கு உடம்பும் வேண்டும், ஞாபகமும் வேண்டும். அதனால் இவை முன்னாடியே தடுமாறும். லாசியிலும் இதே வகைக் கேள்விகளுக்கு, 60 தாண்டியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஒன்றிலாவது சிரமம் என்றார்கள்.

தாத்தா வாழ்க்கையில் அடுப்படிப் பக்கமே போனதில்லை. சமையலுக்கு "முடியாது"ன்னு போடவா?

போடாதீர்கள். எல்லாக் குழுவிலும் நடக்கிற பெரிய தப்பு இதுதான். தாத்தாவால் முடியாமல் போனது ஒன்றுமில்லை, அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. அதே மாதிரி பாட்டியிடம் பேங்க் பாஸ்புக் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அவர்தான் பார்ப்பார்" என்று வரும். அதையும் இயலாமை என்று எழுதினால், நம் ஊர் ஆண்களெல்லாம் சமைக்க முடியாத நோயாளிகள், பெண்களெல்லாம் எண்ணத் தெரியாத நோயாளிகள் என்று அறிக்கை வந்து நிற்கும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. லாட்டன் பட்டியலிலேயே பழைய வழக்கப்படி ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துவையல் மூன்றையும் விட்டுவிட்டு ஐந்துக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள்.

நான் மூன்று கட்டம் போடச் சொல்கிறேன்: "செய்கிறார்"; "முன்பு செய்தார், இப்போது முடியவில்லை"; "செய்ததே இல்லை". மூன்றாவது கட்டத்தில் இருப்பவரிடம், "நாளைக்கே நீங்களே செய்தாக வேண்டும் என்று வந்தால் உடம்பு இடம் கொடுக்குமா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். அப்புறம் ஒன்று: செய்ததே இல்லை என்பதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பாட்டி போன மறுமாதம் காபி போடத் தெரியாமல் நின்ற தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

பார்தெல் கணக்கில் அப்பா 100க்கு 100. அப்போ தனியா இருந்துக்கலாம்தானே?

அப்படி இல்லை. 1965இல் மஹோனியும் பார்தெலும் வெளியிட்ட அட்டவணை இது. (பெயர் பார்தெல், எங்கள் மாணவர்கள் "பார்த்தல்" என்று எழுதி, கண் பரிசோதனை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.) சாப்பாடு, குளியல், நடை, படி ஏறுவது என்று பத்து விஷயங்கள். பக்கவாதம் வந்தவர் பிசியோதெரபியில் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்க நல்ல கருவி. 100 வாங்கியவர் தனியாக வாழ முடியும் என்று அர்த்தமில்லை, அவரால் சமைக்கவோ வீட்டைக் கவனிக்கவோ வெளியாட்களோடு பழகவோ முடியாமல் இருக்கலாம் என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்க்கிறோம்.

படுக்கை, கமோடு, நாற்காலின்னே கேட்குது. எங்க பாட்டி பாயில்தான் படுப்பாங்க. என்ன பண்றது?

சரியான கேள்வி. நாற்காலியிலிருந்து எழுவது வேறு, தரையிலிருந்து எழுவது வேறு. கமோடில் உட்கார முடிகிறவரால் இந்தியக் கழிப்பறையில் குந்த முடியாமல் இருக்கலாம். வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே கேட்டால் நம் பாட்டியின் முக்கியமான சிரமம் பதிவாகாமலே போய்விடும். 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் வேலை செய்த ஆய்வாளர்கள், படிப்பறிவில்லாத கிராமத்து முதியோருக்கென்றே ஒரு அன்றாடச் செயல் பட்டியலைத் தயாரித்து 1999இல் வெளியிட்டார்கள். மூட்டுவாத நோயாளிகளுக்கான கேள்விப் பட்டியலை இந்தியாவுக்கு மாற்றியபோதும் குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது சேர்க்கப்பட்டது.

மூலப் பட்டியலின் கேள்விகளை மாற்ற வேண்டாம், மாற்றினால் மற்ற ஊர் எண்ணோடு ஒப்பிட முடியாது. அதன் கீழே தரையில் உட்கார்ந்து எழுவதையும் குந்தி உட்காருவதையும் தனியாகச் சேர்த்துக் கேளுங்கள், கூட்டுத்தொகையில் சேர்க்காமல்.

கண்ணாடி போட்டா தெரியுது, கம்பு வெச்சா நடக்கிறாங்க. சிரமம் உண்டுன்னு எழுதணுமா, இல்லைன்னா?

எந்தப் பட்டியல் என்பதைப் பொறுத்தது. வாஷிங்டன் குழுவின் கேள்வியில் "கண்ணாடி போட்டிருந்தாலும்", "காது மெஷின் வைத்திருந்தாலும்" என்று கேள்விக்குள்ளேயே வரும். நடை பற்றிய கேள்வியில் கம்பு பற்றி எதுவும் இல்லை. வோடாஸ் என்ற பட்டியலில் (அடுத்த கேள்வியில் வருகிறது) வழக்கமாகப் பயன்படுத்தும் உபகரணத்தோடும், வழக்கமாகக் கிடைக்கும் உதவியோடும் எவ்வளவு சிரமம் என்று பார்ப்பார்கள். அதனால் நல்ல மருமகள் இருக்கும் வீட்டில் மதிப்பெண் நன்றாகவே வரும். மருமகள் ஊருக்குப் போன வாரம் போய்க் கேட்டால் கதை வேறு.

வோடாஸ் 12 கேள்வியை எப்படிக் கேட்பது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் அது. 36 கேள்விப் பதிப்புக்கு இருபது நிமிடம், 12 கேள்விப் பதிப்புக்கு ஐந்து நிமிடம் என்று கையேடு சொல்கிறது. பாட்டிகள் பேச ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த 30 நாளில், உடல்நிலை காரணமாக, எவ்வளவு சிரமம் என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடிப்படை. அரை மணி நேரம் நிற்பது, ஒரு கிலோமீட்டர் நடப்பது, குளிப்பது, தெரியாதவர்களோடு பேசுவது, நட்பைத் தொடர்வது, திருவிழா போன்ற ஊர் நிகழ்ச்சிகளில் எல்லோரையும் போலக் கலந்துகொள்வது என்று கேள்விகள் போகும். சிரமமே இல்லை என்றால் 0, கொஞ்சம் 1, ஓரளவு 2, ரொம்ப 3, முடியவே இல்லை 4. கூட்டினால் 0 முதல் 48 வரை. சிலர் 1 முதல் 5 வரை போட்டுக் கூட்டுவார்கள், அப்போது 12 முதல் 60. எது என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு குழு இரண்டு விதமாகப் போட்டு, பிறகு ஒன்றாகச் சேர்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

கிலோமீட்டர் என்றால் யாருக்கும் பிடிபடாது. போவதற்கு முந்தின நாளே அந்த ஊரில் நடந்து பார்த்து, "பிள்ளையார் கோயிலிலிருந்து பால் சொசைட்டி வரைக்கும்" என்று ஓர் அடையாளம் கண்டுபிடித்து வையுங்கள்.

சமூகப் பங்கேற்புன்னா எதெல்லாம் சேரும்? டிவி பார்க்கறதும் சேருமா?

லாசி கேட்ட பட்டியலில் உறவினர், நண்பர் வீட்டுக்குப் போவது, பஜனை போன்ற சமய நிகழ்ச்சிகள், ஊர்க்கூட்டம், கட்சிக் கூட்டம், சினிமா, சீட்டாட்டம், பூங்கா, கடற்கரை, வெளியே சாப்பிடுவது, பேப்பர் படிப்பது, டிவி, ரேடியோ எல்லாம் உண்டு. அதனால் அந்த ஆய்வில் டிவியும் ஒரு நடவடிக்கையாகப் பதிவாகும். என் கருத்தைக் கேட்டால், பூட்டிய அறையில் சீரியல் பார்ப்பதையும் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து பார்ப்பதையும் ஒரே கட்டத்தில் போடுவது சரியில்லை. தனியாகச் செய்வது, மற்றவர் கூட இருக்கச் செய்வது, மற்றவரோடு சேர்ந்து செய்வது, மற்றவருக்காகச் செய்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் தாத்தா எந்தப் பட்டியலிலும் சரியாக விழ மாட்டார், அவரை விட்டுவிடாதீர்கள்.

தினம் கோயிலுக்குப் போறவர், மாசம் ஒரு தடவை போறவர். முதல் ஆளுக்குத்தானே மார்க் அதிகம்?

எத்தனை தடவை என்று மட்டும் எண்ணினால் ஆமாம். ஆனால் மாதம் ஒருமுறை போகிறவருக்கு அதுவே போதுமாக இருக்கலாம். கோயிலே வேண்டாம் என்று இருபது வயதிலிருந்து இருப்பவரைப் பங்கேற்பு இல்லாதவர் என்று எழுதினால் அவர் சண்டைக்கு வருவார். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் உருவான பட்டியல் இதற்கு நல்ல வழி சொல்கிறது: கடந்த நான்கு வாரத்தில் நீங்கள் விரும்பியபோது, விரும்பியபடி செய்ய முடிந்ததா? எண்ணிக்கை ஒரு தகவல், ஆசைப்பட்டது நடந்ததா என்பது இன்னொரு தகவல். இரண்டையும் கேளுங்கள்.

அம்மா இப்போ எந்த விசேஷத்துக்கும் வர்றதில்லை. முட்டி வலிதான் காரணம்னு போட்டுட்டேன். சரிதானே?

அவர்தான் சொன்னாரா, நீங்களே போட்டீர்களா? முட்டி வலி என்பது கேட்பவருக்கும் சங்கடம் இல்லாத, சொல்பவருக்கும் சங்கடம் இல்லாத பதில். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டால் வேறு காரணங்கள் வரும். பிரஷருக்குக் கொடுத்த நீர் மாத்திரையால் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, மண்டபத்தில் கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்ற பயம். மூன்று மணி நேரப் பயணத்துக்காக மாத்திரையையே நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அடுத்தது காது. நாலு பேர் பேசும்போது ஒன்றும் புரிவதில்லை, சிரிக்க வேண்டிய இடம் தெரியாமல் சிரித்துவிட்டு அவமானப்பட்டிருப்பார். குளிப்பது, உடுத்துவது எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கும் ஆள், காதினாலேயே ஊரைவிட்டு ஒதுங்கிவிடுவார்.

அப்புறம், யாரும் தாளில் எழுதாத காரணம் ஒன்று. "நான் தாலி கட்டுற நேரத்துக்கு முன்னாடி நிக்கக்கூடாதும்மா, எதுக்கு வந்துக்கிட்டு" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். கணவர் இறந்து நான்கு வருடம். கால், கண், காது எல்லாம் நன்றாக இருக்கிறது. வோடாஸில் "உடல்நிலை காரணமாக" என்று கேட்பதால் அவருடைய சிரமம் அங்கே பதிவாகாது, தப்பும் இல்லை. ஆனால் அவர் வாழ்க்கை சுருங்கியது சுருங்கியதுதான். இதற்கு "வழக்கம், பிறர் பார்வை" என்று காரணப் பட்டியலில் ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாத படிவத்தில் கையால் எழுதுங்கள்.

பாட்டிகிட்ட கேட்டா மருமகளே எல்லாத்துக்கும் பதில் சொல்றாங்க. அதை எழுதிக்கலாமா?

ஞாபக மறதி அதிகமாகி, பாட்டியால் பதில் சொல்ல முடியாது என்றால் எழுதிக்கொள்ளலாம். யார் சொன்ன பதில் என்று குறித்தே ஆக வேண்டும். பார்த்துக்கொள்கிறவர்கள் சிரமத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும், முதியவர்கள் குறைத்துச் சொல்வதும் பல ஆய்வுகளில் கண்டதுதான். சென்ற வருடம் மகனும் இந்த வருடம் பாட்டியும் பதில் சொன்னால், பாட்டி தேறிவிட்டார் என்று கணக்கு காட்டும்.

பாட்டியால் சொல்ல முடியும் என்றால், மருமகளிடம் தண்ணீர் கேளுங்கள், காபி கேளுங்கள், எப்படியாவது பத்து நிமிடம் தனியாகப் பேசப் பாருங்கள். மருமகள் கெட்டவர் என்பதற்காக இல்லை. "ராத்திரி எழுந்து போக முடியலை" என்பதை மருமகள் முன்னால் சொன்னால் குறை சொன்னது மாதிரி ஆகிவிடும் என்று பாட்டி வாயைத் திறக்க மாட்டார்.

ஆடியில் எடுத்தப்போ யாருமே கல்யாணத்துக்குப் போகலை. தையில் எல்லாரும் போயிருக்காங்க. எங்க திட்டம் நல்லா வேலை செய்யுதா?

சந்தோஷப்படுவதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் கூழ் ஊற்றுவது உண்டு. மார்கழியில் பஜனை இருக்கும், முகூர்த்தம் இருக்காது. கடந்த 30 நாள் என்று கேட்கும் எந்தக் கேள்வியும் மாதத்தோடு ஆடும். முன்பு ஒருமுறை, பிறகு ஒருமுறை என்று எடுப்பதானால் ஒரே மாதத்தில் எடுங்கள்.

இவ்வளவு கேள்வி எதுக்கு? நடக்க வெச்சு நேரம் பார்த்தா போதாதா?

அதையும் செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. வழக்கமான செருப்பு, கம்பு இருக்கலாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கிறது. பக்கத்திலேயே நில்லுங்கள், சோதனையிலேயே விழ வைத்துவிடாதீர்கள்.

ஆனால் இது அவரால் என்ன முடியும் என்பதைத்தான் காட்டும். முடிந்ததைச் செய்கிறாரா என்பது வேறு. மகள் "விழுந்துடப் போறம்மா, உட்காரு" என்று தடுக்கும் வீட்டில், 9 விநாடியில் நடந்து காட்டும் அம்மா நாள் முழுக்க நாற்காலியில்தான் இருப்பார்.

வோடாஸில் 40க்கு மேல வந்திருக்கு. 40 சதவீத சான்றிதழ் வாங்கிடலாமா?

வாங்க முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி 21 வகைக் குறைபாடுகள் உண்டு. அவற்றில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்றளிக்கும் அதிகாரம் பெற்ற மருத்துவ அமைப்பு, அரசின் வழிகாட்டுதல்படி அளந்து சொல்ல வேண்டும். நம் தாளில் உள்ள 40க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதை முதல் நாளே அந்த வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், நீங்கள் பென்ஷன் வாங்கித் தர வந்தவர் என்று நினைத்து சிரமத்தைக் கூட்டிச் சொல்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்லாக் கேள்விக்கும் "சிரமமே இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. ஆனா பார்த்தா நம்ப முடியலை. என்ன எழுதறது?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. மாடிப்படி ஏறச் சிரமம் உண்டா என்றால் இல்லை என்பார். ஏனென்றால் அவர் மாடிக்குப் போவதையே நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. துணி துவைப்பதில் சிரமம் இல்லை, ஏனென்றால் புடவையை விட்டு நைட்டிக்கு மாறிவிட்டார். செய்யும் முறையை மாற்றிக்கொண்டவர்கள், சிரமம் இல்லை என்று சொன்னாலும், இயலாமையை நோக்கிப் போகிறவர்கள் என்று அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடின் குழு நடத்திய ஆய்வுகள் காட்டின. வோடாஸ் விதியும் இதற்கு இடம் தருகிறது: 30 நாளாக ஒன்றைச் செய்யவே இல்லை, காரணம் உடல்நிலை என்றால் அது "முடியவே இல்லை" என்ற கட்டத்தில் போக வேண்டும். தாத்தா சமையல் கேள்வியில் சொன்ன மாதிரி, செய்யாததற்குக் காரணம் என்ன என்று கேட்காமல் கட்டத்தை நிரப்ப முடியாது.

அதனால் ஒவ்வொரு "இல்லை"க்கும் பிறகு இரண்டு சின்னக் கேள்வி: கடைசியாக எப்போது செய்தீர்கள்? முன்பு மாதிரியேதான் செய்கிறீர்களா? போன மாதம் ஒரு மாணவி இப்படிக் கேட்டபோது, ஒரு சிரமமும் இல்லை என்று முதலில் சொன்ன பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிணத்தடிக்குப் போயி எத்தனை நாளாச்சு தெரியலையே" என்றார். கிணறு பின்வாசலிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் இருந்தது.